திக்காமல் படித்த பக்கம்

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் மரக்காணம் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்திகள் எல்லாம் ஏரி மாதிரிக் கிடக்கும். அந்த மாதத்தில்தான் என் மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது, டிவி பார்க்கக்கூடாது, முக்கியமாக அழக்கூடாது என்று சொல்லி, ஒரு கறுப்புக் கண்ணாடியும் கொடுத்து அனுப்பினார்கள். டிவி இல்லாமல் அவளுக்குப் பொழுது போகவில்லை. அதனால் நான் புத்தகம் படித்துக் காட்டினேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். பெரிய வார்த்தை வந்தால் திக்கும். ஊர் நூலகத்தில் உள்ளே போய்த் தேடக் கூச்சம். வாசலை ஒட்டிய அலமாரியில் கைக்கு வந்ததை எடுத்து வருவேன்.

முதலில் வந்தது ஆடு வளர்ப்பு. எங்களிடம் ஆடு இல்லை. இருந்தாலும் ஆட்டுக்குக் கழிச்சல் வந்தால் என்ன செய்வதென்று இப்போது இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்தது கிரகங்களைப் பற்றியது. சனிக்கு வளையம் உண்டு என்று வாசித்ததும், "அதுலதான் நம்மள மாட்டி வெச்சிருந்தான்" என்றாள். ஊறுகாய்ப் புத்தகத்தில் உப்பு தேவையான அளவு என்று போட்டிருந்தது. அது எவ்வளவு என்று கேட்கச் சொன்னாள். யாரைக் கேட்பதென்று தெரியாமல் அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

கடைசியாக ஒரு நாவல். கதாநாயகனுக்கு என் பெயர். எங்கள் வீட்டில் அவள் என் பெயரைச் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். கதையில் வந்தவனுக்கும் அதே மரியாதையைக் கொடுத்தாள். அவரு சாப்பிட்டாரா, அவரு வேலைக்குப் போனாரா என்றே கேட்டாள். அவன் முதலாளியை அறைந்த அன்று, அவருக்கு தைரியம்தான் என்று என் பக்கம் திரும்பிச் சொன்னாள். நான் முதலாளி முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்த்ததில்லை.

திக்கல் கொஞ்சம் குறையட்டும் என்று காலையில் தனியாக ஒரு தடவை வாசித்து வைப்பேன். பெரிதாகக் குறையாது. அப்படி வாசித்தபோதுதான் கடைசி அத்தியாயம் தெரிந்தது. அவன் லாரியில் அடிபட்டுச் சாகிறான். அவன் மனைவி இரண்டு பக்கத்துக்கு அழுகிறாள். என் மனைவி சீரியலில் கல்யாணம் நின்றாலே அழுகிறவள். இதற்கு எவ்வளவு அழுவாள் என்று நினைத்தபோது எனக்கு அந்தக் கண்தான் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். லாரி வந்தது. அவன் ஒதுங்கிக்கொண்டான். பிறகு திண்டிவனம் ரோட்டில் டீக்கடை வைத்தான். வியாபாரம் சுமார். குடும்பத்தோடு பெருமுக்கல் மலைக் கோயிலுக்குப் போய் வந்தான். முற்றும் என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன்.

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒரு எடத்துலகூட திக்கலையே நீங்க."

நான் கண்ணாடிக்குக் கீழே அவள் கன்னத்தைப் பார்த்தேன். ஈரம் இல்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"கடையில பஜ்ஜி உண்டா?"

"போட்டான்" என்றேன்.

"போட்டாருன்னு சொல்லுங்க" என்றாள்.