விளக்குக்கு முன்னால் அக்கா

"தை 1971. டின் விளக்கு. 200 வாட் பல்பு ரெண்டு. சரசு. ஊட்டுக்குள்ள."

பிலிம் டப்பாவின் மூடிக்குள் ஒட்டியிருக்கும் காகிதத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. கையெழுத்து என் மச்சானுடையது. சரசு என் அக்கா, அவருடைய மனைவி. மாதம் எழுதியவர் தேதியை எழுதவில்லை. சினிமாவுக்குப் போன டிக்கெட்டின் பின்னால்கூடத் தேதி போட்டு வைக்கிறவன் நான். எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. தைப்பூசத்துக்குப் பழனி போகிறவர்கள் எங்கள் தெரு வழியாக நடந்துகொண்டிருந்தார்கள் என்பது நினைவில் இருக்கிறது. அதற்கு மேல் என்னால் நெருங்க முடியவில்லை.

டப்பாவைத் தேடி எடுத்ததற்குக் காரணம் ஒரு விளக்கு. அக்காவின் மகள் வள்ளி பெருமாநல்லூரில் சின்னதாக ஒரு கார்மென்ட்ஸ் வைத்திருக்கிறாள். போன மாதம் அங்கே போயிருந்தபோது, அவள் மகள் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரில் வளையல் மாதிரி ஒரு விளக்கு. நான் போய் அதன்மேல் கையை வைத்துப் பார்த்தேன்.

"என்னங்க அப்புச்சி பாக்கறீங்க?"

"சுடவே இல்லையே கண்ணு."

"லைட்டு எதுக்குங்க சுடோணும்?" என்று சிரித்தாள்.

எங்கள் டின் விளக்கு சுட்டது. அது எரிந்தபோது வந்த வாசனையை என்னால் இப்போதும் சொல்ல முடியும்: கருகும் பஞ்சு, அதோடு பிளீச்சிங் பவுடர், அடியில் கொஞ்சம் வனஸ்பதி. டின்னை எத்தனை முறை கழுவியும் வனஸ்பதி போகவில்லை. பல்பு சூடேற ஏறப் பலகாரக்கடை வாசலில் நிற்பது போலிருக்கும்.

அப்போது நான் பனியன் கம்பெனி ஒன்றில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். மச்சான் அதே கம்பெனியில் நிட்டிங் மெஷின் பிட்டர். அக்கா, குழந்தை பிறக்கும்வரை, அங்கேயே செக்கிங்கில் இருந்தாள். பனியன் துணி உருளையாகத்தான் பின்னி வரும். அதை ஒரு மரச்சட்டத்தில் மாட்டி இழுப்பார்கள். உள்ளே பல்பு எரியும். ஊசி விழுந்த கோடு, ஓட்டை, எண்ணெய்க்கறை எல்லாம் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். அக்காவின் கண்ணுக்குத் தப்பிய துணி கிடையாது. பிட்டர்களுக்கு அவளைக் கண்டால் பயம். மச்சானும் ஒரு பிட்டர்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் ஓட்டை, மெட்ராஸில் ஆபரேஷன் செய்யலாம், பிழைப்பது உறுதியில்லை என்று டாக்டர் சொன்னார். கிளம்புவதற்கு முன்னால் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏனுங்க, அந்த நூல் ஏஜெண்டுகிட்ட சினிமாப் பொட்டி இருக்குதில்லீங்க? என்னைய ஒருவாட்டி எடுங்க. பாப்பாவுக்கு நான் யாருன்னு தெரியோணுமில்ல."

அவள் முகம் தெரியும் படம் வேறு எதுவும் இல்லை. கல்யாணப் போட்டோவில் தலையைக் குனிந்திருப்பாள். போட்டோக்காரர் கெஞ்சியும் நிமிரவில்லை.

நூல் ஏஜெண்ட் நல்ல மனுஷர். சிங்கப்பூரிலிருந்து வந்த அந்த எட்டு எம்.எம். கேமராவை, பழனியில் அவர் குடும்பத்தை எடுத்தது போக மீதமிருந்த பிலிமோடு கொடுத்தார். வெயிலில் எடுத்தால் விளக்கே வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார். அக்கா வெளியே வர மாட்டேனென்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறவளைப் படம் புடிச்சா ஊரு என்ன பேசும்? போயிருவான்னு இப்பவே முடிவு பண்ணிருவாங்க. கதவைச் சாத்திட்டு எடுங்க."

ஆகவே விளக்கு. கடையில் விற்ற படப்பிடிப்பு பல்பு எங்கள் கைக்கு எட்டவில்லை. வனஸ்பதி டின்னை நீளவாக்கில் வெட்டி விரித்தோம். உள்ளே சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளை மைதாப் பசையில் ஒட்டினேன். தாளுக்காக மச்சான் கம்பெனி முழுக்கக் கையேந்தினார். "பிட்டரய்யா கல்யாணப் பந்தல் போடறாரு" என்று கிண்டல் செய்தார்கள். செக்கிங் சட்டத்திலிருந்து பல்புகளை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினோம். விளக்கைத் தாங்குவதற்கு, நூல் கோன் மாட்டும் இரும்பு ஸ்டாண்ட். வெளிச்சம் கண்ணைக் கூசாமலிருக்கப் பிளீச் செய்த பனியன் துணியைத் தலையணை உறை போல டின்மேல் இழுத்து மாட்டினோம். அது உருளைத் துணி, தையலே தேவைப்படவில்லை. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

மச்சான் விளக்கைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைக்கப் போனார். அக்கா விடவில்லை.

"முன்னால வெச்சு என்னத்தைத் தெரியும்? துணி பாக்கறதில்லீங்களா நாம? பின்னால வையுங்க. ஒண்ணு உடாம தெரியும்."

"நீ என்ன, நாப்பதாம் நம்பர் நூலா, வெளிச்சம் ஊடால வர?"

"அந்த ஓட்டையும் தெரியட்டுமுங்க" என்றாள். மச்சான் சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன்.

எங்கள் மூவருக்கும் அது சரியாகவே பட்டது. ஒரு பொருளை நன்றாகப் பார்ப்பதென்றால் அதன் பின்னால் விளக்கை வைப்பது என்றுதான் எங்கள் கைகளுக்குப் பழக்கம். அவள் பின்னால் நான் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரில் மச்சான், கேமராவோடு. அவர் காலடியில் பாயில் வள்ளி. கதவிடுக்கு வெளிச்சத்தில் அக்காவின் முகம் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்ததாகவே மச்சான் பிறகு சொன்னார். கண்ணுக்குத் தெரிந்தது பிலிமுக்குத் தெரியாதென்று எங்களுக்கு யார் சொல்வது?

நடுவில் துணி கருகும் வாசனை வந்தது. அக்கா சட்டென்று திரும்பி விளக்கைப் பார்த்தாள். முழு வெளிச்சமும் அவள் முகத்தில் விழுந்தது. நெற்றியில் வியர்வை, மூக்குத்தி, பொடி வைத்துக் கேலி செய்யப் போகிறவளின் உதடு. "டேய் தம்பி, துணி வேகுது பாரு" என்றாள். அந்த முகத்தை நான் மட்டும்தான் பார்த்தேன்.

பிலிம் பம்பாய்க்குப் போய்க் கழுவி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து மச்சான் தனியாக வந்தார். பிறகொரு மாலை, ஏஜெண்டின் புரொஜெக்டரை வாங்கி, சுவரில் பனியன் துணியைக் கட்டிப் போட்டுப் பார்த்தோம். முதலில் பழனி. எங்களுக்கு யாரென்றே தெரியாத பெண்கள் வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சிரித்தார்கள். பல் வரிசைகூடத் தெரிந்தது. பிறகு எங்கள் வீடு. வெள்ளைக்கு நடுவே கறுப்பாக ஒரு பெண்ணுருவம். தலைமுடியின் ஓரம் மட்டும் மின்னியது. அவள் திரும்பிய இடத்தில் ஒரு பின்னல். மச்சான் எழுந்து துணிக்கு அருகில் போய், தடவிப் பார்த்துவிட்டு, "லைட்டை அணைச்சிரு மாப்ளே" என்றார். அதன்பின் அந்தப் படத்தை அவர் பார்க்கவில்லை. வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

இப்போது அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். எங்கள் வீட்டின் மேல் சாலை போய்விட்டது. மச்சானும் இல்லை. வள்ளியின் மகள் படத்தை எங்கோ கொடுத்துப் போனுக்கு மாற்றி வந்தாள். வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். கறுப்பு சாம்பலானது, முகம் வரவில்லை.

கடைசியில், பிலிம் தீர்வதற்குச் சற்று முன், அந்த நிழலின் வலது கை உயர்ந்து அசைகிறது. வள்ளி அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள்.

"மாமா, அம்மா என்னைய வான்னு கூப்புடறாங்களா, போய்ட்டு வரேன்னு கை காட்டறாங்களா?"

உள்ளங்கை எந்தப் பக்கம் இருந்தது என்பது நிழலில் தெரியவில்லை. எதிரில் நின்ற மச்சானிடம் நான் கேட்டதில்லை. நான் அவள் முதுகுக்குப் பின்னால், விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆகவே இது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.