கச்சாத் தையலில் போட்ட பெயர்

கேப்டன் கிளம்பிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. பன்னிரண்டு வருடம் எங்கள் கால்பந்து அணிக்காகக் கோல் அடித்தவர் போட்டி அணிக்குப் போய்விட்டார் என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். பதினோரு மணிக்கெல்லாம் என் தாய்மாமாவின் தையல் கடையில் வரிசை நின்றது. யாரும் அழவில்லை. முதுகில் கேப்டன் பெயர் தைத்த ஜெர்சியைக் கொண்டுவந்து, பெயரைப் பிரித்துத் தரச் சொன்னார்கள்.

மாமாதான் அணியின் தையல்காரர். ஆட்டக்காரர்கள் போடுவதோ ரசிகர்கள் போடுவதோ, எந்த ஜெர்சியானாலும் பெயரைத் துணியில் எழுத்தெழுத்தாக வெட்டி முதுகில் தைப்பது அவர் வேலை. ஆட்டக்காரர் போனால் பிரிப்பதும் அவரே. தைப்பதைவிடப் பிரிப்பதுதான் பெரும்பாடு. மிஷினில் அடித்ததைப் பிரித்தால் துணியெல்லாம் ஊசித் துளை. அதனால் மாமா ஒரு வழக்கம் வைத்திருந்தார். புதிதாக வரும் ஆட்டக்காரரின் பெயரை ரசிகர்களுக்குக் கச்சாத் தையலில்தான் போடுவார். துணி நகராமல் இருப்பதற்காகக் கையால் நீள நீளமாக ஓட்டி, வேண்டாமென்றால் ஒரே இழுப்பில் உருவிவிடுகிற தையல் அது. அந்த ஆள் மூன்று கோல் அடித்த பிறகு கொண்டுவந்தால் மிஷினில் கெட்டியாக அடித்துத் தருவார். போகப் போக ஊரே இதைப் பிடித்துக்கொண்டது. புதிய ஆளைப் பற்றி யாரும் "எப்படி ஆடுறான்?" என்று கேட்பதில்லை. "கெட்டியாயிட்டானா?" என்றுதான் கேட்பார்கள்.

கேப்டன் போன இடத்துக்கு இரண்டு பேரை வாங்கினார்கள். ஒருவர் தடுப்பாட்டக்காரர். வந்த வாரமே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதால், அவரைச் சந்தேகப்பட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. மிச்சமிருந்த சந்தேகம் முழுவதும் மற்றவர்மேல் இறங்கியது. அவர் கோல் அடிப்பதற்காக வாங்கப்பட்டவர். பேப்பரில் படம் வந்திருந்தது. நல்ல உயரம், உடம்பு என்று ஒன்றுமில்லை.

"ஆளா இது, கொடிக்கம்பமா?" என்றார் பஸ் டிரைவர். அவர் ஓய்வு நாளெல்லாம் மாமா கடையில்தான் கழியும்.

"கொக்கு மாதிரி இருக்கான்," என்றார் பக்கத்துக் கடையில் முடிவெட்டுகிறவர். "போன வருஷம் மொத்தமே நாலு கோலாம்."

"அதுல ஒண்ணு நம்ம மேல அடிச்சது," என்றாள் அத்தை, பித்தான் தைத்தபடியே.

"நம்ம மேல யாருதான் அடிக்கலை?"

அதிலிருந்து அவர் பெயர் கொக்கு.

"அண்ணே, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார் டிரைவர்.

"துணி வந்திருக்கு, தைக்கிறேன்," என்றார் மாமா.

அந்த வாரம் கொக்கின் பெயருக்கு நாற்பத்திரண்டு ஜெர்சி வந்தது. நம்பிக்கை இல்லாவிட்டாலும் வாங்காமல் இருக்க முடியாது, ஊர் அணியாயிற்றே. ஆட்டக்காரர்களின் ஜெர்சிப் பெட்டியும் அதே மேஜைமேல்தான் இருந்தது. மாமா நாற்பத்திரண்டையும் முடித்துவிட்டு, ஓடிய கை நிற்காமல், நாற்பத்து மூன்றாவதையும் கச்சாத் தையலிலேயே முடித்தார். அது கொக்கே போட்டுக்கொண்டு ஆட வேண்டியது.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு மாமாவோடு நானும் போயிருந்தேன். இருபதாவது நிமிடம் கொக்கு பந்தோடு ஓடினார். எதிரணிக்காரன் பின்னாலிருந்து ஜெர்சியைப் பிடித்து இழுத்தான். முதல் எழுத்து விழுந்தது. பத்தடி தள்ளி இரண்டாவது விழுந்தது. அவர் கோலை நெருங்குவதற்குள் முதுகில் கடைசி எழுத்து மட்டும் நூலில் ஆடிக்கொண்டிருந்தது. பந்து வெளியே போயிற்று. எப்படிப்பட்ட தையல் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். "கச்சா, கச்சா" என்று வடக்குப் பக்கம் முழுக்கக் கைதட்டிச் சிரித்தார்கள். கொக்கு திரும்பி வந்து, விழுந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நடுவரிடம் கொடுத்தார். நடுவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பையில் போட்டுக்கொண்டார்.

"குனிஞ்சு பொறுக்கினாரு, பாத்தியா?" என்றார் மாமா.

"பாத்தேன் மாமா."

"நான் போட்டதை அவரு பொறுக்கினாரு."

மறுநாள் அணியின் உடைப் பொறுப்பாளர் ஜெர்சியோடு கடைக்கு வந்தார். திட்டவில்லை. "இனிமே பாத்துச் செய்யுங்க," என்றார்.

"அவரு என்ன சொன்னாரு?"

"கச்சான்னா என்னன்னு கேட்டாரு. சொன்னோம். அப்புறம் ஒண்ணும் பேசலை."

அதுதான் மாமாவை அரித்தது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். திங்கட்கிழமை, பயிற்சி முடிகிற நேரம் பார்த்து மைதான வாசலில் போய் நின்றார்.

"தம்பி, நான்தான் தையல்காரன். தப்பு என்னோடது."

"தெரியும்," என்றார் கொக்கு. காரில் ஏறிப் போய்விட்டார்.

அந்த ஒரு சொல்லுக்கு மேல் இன்னொரு சொல் வாங்கிவிட வேண்டும் என்று மாமா அடுத்த மூன்று திங்கட்கிழமையும் போனார். கார்க் கதவு சாத்துகிற சத்தம்தான் கிடைத்தது.

"என்னைப் பொண்ணு பாக்கக்கூட நீங்க இத்தனை தடவை வரலை," என்றாள் அத்தை.

கொக்கின் அடுத்த ஜெர்சியை மாமா மூன்று சுற்று மிஷினில் அடித்தார். பொறுப்பாளர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"முதுகு பலகை மாதிரி இருக்காம். கையைத் தூக்க முடியலைன்னாரு."

"அவரே சொன்னாரா?"

"ஆமா."

"அப்ப பேசியிருக்காரு."

"என்கிட்ட."

ஆறாவது ஆட்டத்தில் கொக்கு இரண்டு கோல் அடித்தார். ஏழாவதில் இன்னும் இரண்டு. வருடம் முடியும்போது பத்தொன்பது. நாற்பத்திரண்டு பேரும் பெயரைக் கெட்டியாக்கிக்கொள்ள வந்தார்கள்.

"இவன் அடிப்பான்னு நான் அப்பவே சொன்னேன்," என்றார் டிரைவர்.

"எப்ப?"

"மனசுக்குள்ள."

மாமா எல்லாருக்கும் தைத்துக் கொடுத்தார். கூலி வாங்கிக்கொள்ளவில்லை. கொக்கு மட்டும் கடைப் பக்கம் வரவே இல்லை. மூன்று வருடம் ஆடிவிட்டு, வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு அமைதியாகக் கிளம்பினார். அவர் பெயரைப் பிரிக்கச் சொல்லி ஒருவரும் வரவில்லை.

மாமா கச்சாத் தையலை அந்தச் சனிக்கிழமையோடு விட்டிருந்தார். புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே மிஷின்தான். அதில் ஒருவர் நான்கே மாதத்தில் போய்விட, முடிவெட்டுகிறவர் ஜெர்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கெட்டியா அடிச்சுட்டீங்களே அண்ணே. இப்ப எப்படிப் பிரிக்கிறது?"

"பிரிக்க வேண்டாம். போட்டுக்க."

"ஆளே இல்லையே."

"நீ இருக்கியே."

அதற்கப்புறம் ஐந்து வருடம் கழித்து, ஒரு மதியம், மாமாவின் போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்ததால் அவர் போனை அத்தையிடம் நீட்டினார். அத்தை சத்தமாகப் படித்தாள்.

"வணக்கம் அண்ணே. மைதான வாசல்ல நாலு திங்கட்கிழமை உங்களை நிக்க வச்சவன் நான்தான். இப்ப ஒரு சின்ன அணிக்குப் பயிற்சியாளரா இருக்கேன். புதுசா ரெண்டு பேரை வாங்கிக் குடுத்திருக்காங்க. ரெண்டு பேரையும் பாத்தா எனக்கு நம்பிக்கையே வரலை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கு. வந்து பாத்துட்டு உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க. வீட்டுல எல்லாருக்கும் வாசல்ல டிக்கெட் சொல்லி வச்சிருக்கேன்."