துணிக்குப் பின்னாடி கறந்த பசு

படத்தத் திருப்பிக் காட்டுடின்னு நேத்து சொன்னேன், நீயும் போன்ல என்னமோ அமுக்கித் திருப்பிக் காட்டினே, அதோட விட வேண்டியதுதானே? ஏன் திருப்பச் சொன்னே, ஏன் அப்படிச் சிரிச்சேன்னு இன்னிக்கு வந்து எதுக்குடி குடையறே? நீ போனப் பாத்துச் சிரிக்கறப்போ நான் வந்து கேக்கறேனா? "செப்பு பாட்டி, செப்பு"ன்னு தெலுங்குல நச்சரிச்சா ஆச்சா, தமிழ்ல கேளேன். மாட்டே. சரி, நகந்து உக்காரு.

மல்காஜ்கிரி ரயில்வே குவார்ட்டர்ஸ்ல அப்போ மாசம் ஒரு சனிக்கிழமை, இருட்டினதும், ரெண்டு வேப்பமரத்துக்கு நடுவுல வெள்ளைத் துணியக் கட்டி, அது மேல பக்கெட் பக்கெட்டா தண்ணி அடிப்பாங்க, ஈரமா இருந்தாத்தான் படம் ரெண்டு பக்கமும் தெரியும்னு; அந்த ஈரத்துணி வாசனை வந்தா நான் இப்பவும் ஒரு நிமிஷம் நின்னு மோந்து பாப்பேன். துணிக்கு முன்னாடி ஆம்பளைங்களும் பையன்களும். பின்னாடி ஜமக்காளம் விரிச்சு நாங்க, பொம்பளைங்க அத்தனை பேரும்.

நாங்க ஒண்ணும் தப்பா நினைச்சதில்ல. பேர் போடற எழுத்து வலமிருந்து இடமா ஓடும். எங்கள்ல ஒருத்திக்கும் இங்கிலீஷ் தெரியாதா, "இதுவும் உருது மாதிரிதான் போல"ன்னு விட்டுட்டோம். படத்துல ராஜாவுலேருந்து வேலைக்காரன் வரைக்கும் இடக்கையாலயே சாப்பிடுவான். "சினிமாக்காரங்களுக்கு ஏது ஒழுங்கு?"ன்னு எங்கம்மா தலையில அடிச்சுப்பா.

பெரிய படத்துக்கு முன்னாடி ஒரு பொம்மைப் படம் வரும், கறுப்பு வெள்ளையில. அவங்ககிட்ட இருந்ததே அது ஒண்ணுதான், மாசாமாசம் அதுவே. பண்ணையில ஒரு குச்சிக்கால் ஆளு முக்காலியப் போட்டு பசு கறப்பான். பசு வாலால அவன் தொப்பியத் தூக்கித் தன் தலையில மாட்டிக்கும், கோழி பறந்து வந்து அந்தத் தொப்பி மேல முட்டை போடும், பன்னிங்க வரிசையா நின்னு ஆடும். இவ்வளவு கூத்துலயும் ஒரு சொட்டுப் பால் சிந்தாது. அதுலதான் நான் மயங்கிட்டேன்.

எங்க வீட்டுல எருமை இருந்துது, பேரு ராணி. எனக்கு எட்டு வயசு. ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அம்மா அந்தப் பக்கம் போன நேரமாப் பாத்து, செம்பத் தூக்கிட்டு, அந்த ஆளு உக்காந்த பக்கமே போய் உக்காந்தேன். ராணி விட்டா பாரு ஒரு உதை! செம்பு ஒரு மூலை, நான் சாணியில. அப்புறம் ரெண்டு நாள் அம்மாவுக்கே அது பால் விடல.

"நான் தினம் இடப்பக்கம் உக்காந்து கறக்கறதப் பாக்கறே இல்ல, வலப்பக்கம் ஏண்டி போனே?"ன்னா அம்மா.

"படத்துல அவன் வலப்பக்கம்தானே உக்காந்தான்!"

"பொய்! இடப்பக்கம். நான் பாத்தேன்"னு குதிச்சான் எங்கண்ணன்.

அப்பா லோகோ ஷெட்டுல வேலை, அதிகம் பேச மாட்டார். "பால் போனாப் போகுது. கண்ணால பாத்ததையே மாத்திச் சொல்றவளுக்கு இனிமே படம் கிடையாது"ன்னுட்டார். அம்மா மெதுவா, "நானும் வலப்பக்கம்னுதான் பாத்தேன்"னா. "நீயும் கூட்டா?"ன்னார். குழாயடியில போய்க் கேட்டா, பக்கத்து வீட்டு பீபிலேருந்து எல்லாப் பொம்பளைங்களும் "ஹவ், ஆமா, வலப்பக்கம்தான்"ங்கறாங்க. வாசல்ல நிக்கற ஆம்பளைங்க எல்லாம் இடப்பக்கம்ங்கறாங்க. குவார்ட்டர்ஸே ரெண்டாப் பொளந்துது. எனக்கோ அழுகை. படம் போனது ஒரு பக்கம், பாத்ததப் பாத்தேன்னு சொன்னதுக்குப் பொய்க்காரின்னு பேரு.

அடுத்த மாசத்துப் படத்துக்கு அப்பாவே என் கையப் புடிச்சார். "வா, நீ உக்கார்ற எடத்துல உக்காந்து நானே பாக்கறேன். பொய்யா இருந்தா இதுதான் கடைசி." பொம்பளைங்க நடுவுல முட்டிய மடக்கி உக்காந்தார், எல்லாரும் முந்தானைய வாயில வச்சுக்கிட்டு சிரிப்ப அடக்கறாங்க. குச்சிக்கால் ஆளு வந்தான், வலப்பக்கம் உக்காந்தான். அப்பா எழுந்தார். துணி ஓரமாச் சுத்தி முன்னாடி போனார். அவர் நிழல் பசு மேல விழுந்து ஆம்பளைங்க "ஏய், உக்காருய்யா"ன்னு கத்தறாங்க. திரும்பி வந்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார்; அதே ஆளு முன்னாடி பாத்தா இடப்பக்கம், பின்னாடி பாத்தா வலப்பக்கம். அப்புறம் என் பக்கத்துல உக்காந்துட்டார்.

மன்னிப்புக் கேட்டாரான்னு கேக்காதே, அந்தக் காலத்து அப்பா. இடைவேளையில ஒரு பொட்டலம் சூடா மிர்ச்சி பஜ்ஜி வாங்கி என் மடியில போட்டார், அண்ணனுக்கு ஒண்ணு கூடக் கிடையாது. மீதிப் படத்தையும் எங்களோடவே பாத்தார். ராஜா இடக்கையால சோத்தப் பிசைஞ்சப்போ அவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே, அம்மாவே அதுக்கு முன்னாடி கேட்டதில்லையாம். அடுத்த மாசம் அம்மா ஜமக்காளத்தத் துணிக்கு முன்னாடி கொண்டுபோய் விரிச்சா. நான் பழைய எடத்த விடல. என் பசு அங்கதானே நிக்குது!

அந்த குவார்ட்டர்ஸ இடிச்சு ஃப்ளாட் கட்டியாச்சு, வேப்பமரம் இருந்த எடத்துல இப்போ நம்ம லிஃப்ட் ஏறி எறங்குது. ராணி நின்ன எடத்துல கார் நிக்குது, பால் பாக்கெட்டுல வருது. நீ போன்ல அந்தப் பொம்மைப் படத்தக் கண்டுபுடிச்சு நீட்டினப்போ பசு வேற பக்கம் பாத்து நிக்கவும் மனசே ஒப்பல. திருப்பினே பாரு, குச்சிக்கால் ஆளு வந்து கரெக்டா உக்காந்தான்.

சிரிச்ச சத்தத்துக்கு எதிர் ஃப்ளாட்காரங்க ஓடி வந்து கதவத் தட்டினாங்களே, நீ வெக்கப்பட்டு உள்ள ஓடிட்டே. அவங்ககிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணுமில்லம்மா, ஒரு பசுவ இத்தனை வருஷமா பக்கம் மாத்திக் கட்டி வச்சிருந்தாங்க. என் பேத்தி இப்பத்தான் அவுத்துச் சரியாக் கட்டினா"ன்னேன்.