பதினோராம் நம்பர் கூண்டு

பெட்டியை விட்டம் வரை இழுத்து, கயிற்றைச் சன்னல் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, வன்னியபெருமாள் அண்ணாந்து பார்க்கிறார். பெட்டி நேராகத் தொங்க வேண்டும். கோணினால் இறக்கி மறுபடி ஏற்றுவார். துறைமுகக் கொடிமரத்தில் புயல் கூண்டு ஏற்றுவதும் இதே கைதான், இதே முடிச்சுதான். வீட்டில் ஏறுவது அவர் மனைவி சண்முகவடிவின் ஓலைப்பெட்டி, அவ்வளவே வித்தியாசம்.

துறைமுக ஆபீசில் அவர் பியூன். மெட்ராஸிலிருந்து தந்தி வந்தால் அதில் கண்ட நம்பர் கூண்டை ஏற்ற வேண்டும். இன்னொரு தந்தி வந்தால் இறக்க வேண்டும். புயல் நாட்களில் ராத்திரி முழுக்கக் கொடிமரத்தடியில் நனைந்துவிட்டு, காலையில் முறை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார். தலையைத் துவட்டுவதற்குள் ஒரே முற்றத்தைச் சுற்றிய எங்கள் வளவு வீடுகளின் தாய்மார்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவர் வீட்டுக்குள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். முற்றத்தில் இறங்க முடியாத ஒன்பது பிள்ளைகளை ஓர் அறைக்குள் அடக்கி வைப்பதற்குப் பதில் நடுக்கடலுக்கே போய்விடலாம் என்று எனக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றாது.

புயலைக் கொண்டுவருவதே அவர்தான் என்று வளவில் பாதிப்பேர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் அவரேதான்.

"அண்ணாச்சி, ஒரு நாளு பொறுத்து ஏத்தப்படாதா? வத்தல் இன்னும் ஈரமால்லா கெடக்கு" என்பாள் எதிர்வீட்டுச் செல்லத்தாய்.

"மெட்ராஸ்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கேன் தாயி" என்பார், முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல்.

கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் வெற்றிலை பாக்கோடு வந்து, முகூர்த்தத்தன்று மட்டும் கூண்டு ஏற்ற வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். வன்னியபெருமாள் வெற்றிலையை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு வெயில் கொளுத்தியது. மறுநாள் ஒரு தார் வாழைப்பழம் வந்தது. கொஞ்சங்கூடக் கூச்சமில்லாமல் அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

பிள்ளைகளை அடக்கி வைக்க அவர் கண்டுபிடித்த விளையாட்டு இதுதான். அவர் விரல் முட்டியால் சுவரில் தட்டுவது மெட்ராஸ் தந்தி. எத்தனை தட்டு விழுகிறதோ அந்த நம்பர். ஒன்று என்றால் பிள்ளைகள் காற்றாக ஊத வேண்டும். மூன்று என்றால் தோளில் கைபோட்டுத் தோணியாக ஆட வேண்டும். ஏழு, வாந்தி. பிள்ளைகளுக்கு உயிரான நம்பர் இது. போன மழையில் ஒருவன் நிஜமாகவே எடுத்துவிட்டான்.

"ஏழாம் நம்பர் இனிமே என் வீட்டுல கெடையாது, சொல்லிட்டேன்" என்று சண்முகவடிவு விளக்குமாறோடு வந்து நின்றாள். அன்றிலிருந்து ஏழுக்குச் சத்தம் மட்டும்தான்.

பதினொன்று என்றால் தந்திக் கம்பி அறுந்துவிட்டது. துறைமுகத்திலும் அந்த நம்பருக்கு அதுவே பொருள். கம்பி அறுந்தபிறகு யார் யாரோடு பேசுவது? ஆகவே மூச்! பேசியவருக்குப் பெட்டிக்குள் இருக்கும் வறுகடலையிலும் கருப்பட்டியிலும் பங்கில்லை. உள்ளங்கையால் சுவரில் ஒரே ஓர் அறை விழுந்தால்தான் பெட்டி இறங்கும்; அதுதான் இறக்கச் சொல்லும் ஆர்டர். பிள்ளைகள் கெஞ்சினால், "ஆர்டர் வரலியே, நான் என்ன செய்ய?" என்று கையை விரிப்பார். ஆர்டர் போடுகிறவரும் அவர்தான்.

இந்தக் கார்த்திகைப் புயலில் என் வீட்டு ஓடு ஒழுகவே நானும் அங்கே போய் ஒதுங்கினேன். பதினோராம் நம்பரில் வாய் தவறி மணி என்னவென்று கேட்டுவிட்டேன். எட்டு விரல்கள் என்னை நோக்கி நீண்டன. கப்பல் கம்பெனி குமாஸ்தா என்று பார்க்காமல் என் கடலையைப் பறித்துவிட்டார் மனிதர்.

அன்று ஒரு பிள்ளை மட்டும் ஊதவுமில்லை, ஆடவுமில்லை, விரல் நீட்டவுமில்லை. எங்கள் வளவுத் தோணிக்காரன் ஜேசுபாதத்தின் மகள் பேபி, ஐந்து வயது. ஜேசுபாதம் போன தோணி கொழும்பிலிருந்து கிளம்பியிருக்கலாம். புயல் சேதி கேட்டு அங்கேயே நின்றுமிருக்கலாம். யாருக்கும் தெரியவில்லை. அவன் பெண்டாட்டி மெழுகுவர்த்தியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் போயிருந்தாள்.

மறுபடி பதினொன்று தட்டினார். பிள்ளைகள் அடங்கியதும் ஓட்டின் மேல் காற்று உருளுவது கேட்டது. பேபி எழுந்து நின்றாள்.

"நீங்க ஏன் மாமா ஏத்துனிய?"

அவர் உதட்டில் விரலை வைத்தார்.

"எங்கப்பா வாரதுக்குள்ள ஏத்திட்டியளே. எறக்குங்க."

விரல் உதட்டிலேயே நின்றுவிட்டது. "பாப்பா, மாமா சும்மால்லா சொல்லுவேன். புயலு அதுபாட்டுக்கு வருது. நான் வெறும் கயிறு இழுக்கவன்" என்றார். புயல் விஷயத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மை அது. ஒரு பிள்ளையும் நம்பவில்லை.

"பொய்யி" என்றது ஒரு குரல்.

"ஆர்டர் வரலியே..." பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பேபி நேரே சுவரண்டை போனாள். சின்ன உள்ளங்கையை விரித்து ஓங்கி ஓர் அறை விட்டாள். சுண்ணாம்பு உதிர்ந்தது.

"வந்துட்டு" என்றாள்.

வன்னியபெருமாள் ஆணியில் தொங்கிய, பித்தளை வில்லை பதித்த ஆபீஸ் தொப்பியை எடுத்து, வெற்றுடம்போடு தலையில் மாட்டிக்கொண்டார். முடிச்சை அவிழ்த்தார். கைமாற்றிக் கைமாற்றிக் கயிற்றை விட்டார். பெட்டி ஆடாமல் இறங்கித் தரையைத் தொட்டது. பிள்ளைகள் பாய்ந்தன. பேபிக்குத்தான் முதல் பங்கு. இரண்டு கன்னமும் உப்ப அவள் கடலையை மென்றாள். கூண்டு இறங்கிவிட்டது, இனி அவளுக்கு என்ன கவலை? வெளியே காற்று ஒரு பிடிகூடக் குறையவில்லை. பெட்டி இறங்கியதுமே திருப்பிக் கேட்கிற சண்முகவடிவு, அன்று கேட்காமல் அடுப்படி வாசலிலேயே நின்றாள்.

பிள்ளைகள் தின்று முடிக்கிற அவசரத்தில் அவரைக் கவனிக்கவில்லை. தொப்பியைக் கழற்றாமலே, பேபி அறைந்த இடத்துக்கு அவர் மெல்ல நடந்து போனார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். உதட்டில் விரலை வைத்து என்னை அடக்கிவிட்டு, தந்தி ஏதும் வருகிறதா என்று கேட்கிறவர்போல, சுண்ணாம்பு உதிர்ந்த அந்தச் சுவரோடு காதை அழுத்திக்கொண்டார்.