புகை போகும் பக்கம்

மருதமுத்துவுக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? முப்பது வருஷமாகச் சுரங்கத்தில் போர்டு எழுதுகிறவர். 'தலைக்கவசம் அணிக' என்று அவர் எழுதாத சுவர் கிடையாது. ஒன்றின் கீழும் அவர் பெயர் கிடையாது. நேற்று குவார்ட்டர்ஸுக்கு வந்த இன்ஜினியர் மனைவி கிருஷ்ணப்ரியா ஒரே ஒரு படம் வரைந்தாள். பெயரோடு குவார்ட்டர்ஸ் மன்றத்தின் நடுச்சுவரில் மாட்டிவிட்டார்கள்.

பெரிய பாய்மரக் கப்பல். பாய்களெல்லாம் காற்றில் முன்னால் புடைத்திருக்கின்றன. பக்கத்தில் ஒரு நீராவிக் கப்பல் கரும்புகை விட்டபடி அதை முந்திப் போகிறது. 'பாய்மரத்தின் கடைசிக் காலம்' என்று தலைப்பு வேறு. மருதமுத்துவின் மனைவி மலர்கொடியே, கண்ணிலேயே நிற்கிறது என்று சொல்லித் தொலைத்தாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஷிப்ட் முடிந்ததும் தினமும் போய்க் குறை தேடினார். ஐந்தாம் நாள் அகப்பட்டது. பாய் வலப்பக்கம் புடைத்திருக்கிறது, புகை இடப்பக்கம் போகிறது! அனல்மின் நிலையச் சிம்னிப் புகை எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்துவிட்டுத் துணி காயப்போடும் ஊரில் ஒருவர் கண்ணிலும் இது படவில்லையா?

மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்தார். "காத்து ஒரு பக்கம் அடிச்சிகினு இருக்குது, பொகை எதிர்ப்பக்கம் போவுது. நம்மூரு சிம்னிய ஒருநாளாவது நிமிந்து பாத்தீங்களாம்மா?"

சபை சிரித்தது. ஒரு பழைய படத்தைப் பார்த்து வரைந்தேன், எனக்குத் தோன்றவில்லை அண்ணே என்று அவள் தலைகுனிந்தாள். அந்த வாரமே புகையைத் திருப்பி வரைந்துவிட்டாள். மருதமுத்து அன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் சாயங்காலம் கொசுமருந்து வண்டி தெருவில் வந்தது. கொடியில் கிடந்த வேட்டி வண்டி போகும் பக்கமே லேசாக ஆடியது. புகையோ வண்டிக்குப் பின்னால் நீண்டு கிடந்தது. மருதமுத்துவுக்குச் சுருக்கென்றது. நிற்கிற சிம்னியை வைத்து ஓடுகிற கப்பலை அளந்துவிட்டார். காற்றையே முந்தி ஓடும் கப்பலின் புகை பின்னால்தான் போகும். அவள் முதலில் வரைந்ததுதான் சரி.

சொன்னால் அவள் பெயர் இன்னும் ஏறுமே என்று வயிறு மறுபடி எரிந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் மன்றத்துக்குப் போனார். அங்கே மலர்கொடி நாலு பெண்களைக் கூட்டிவந்து படத்தின் கீழே காட்டிக்கொண்டிருந்தாள். கிருஷ்ணப்ரியா பெயருக்கு அடியில் அவள் கையாலேயே புதிதாக ஒரு வரி: 'பிழை திருத்தியவர்: திரு. மருதமுத்து.'

"முப்பது வருஷத்துல இப்பத்தாங்க உங்க பேரு செவுத்துல ஏறியிருக்குது" என்றாள் மலர்கொடி. அவள் கண் கலங்கியிருந்தது.

வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அந்த எழுத்துகூட அவர் எழுத்தைவிட அழகாக இருந்தது.