தலைப்பாகையின் மறுமுனை

மலாயாவில் கெமாஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பத்தொன்பது வருடம் கேட்டில் காவல் காத்தவர் பச்சித்தர் சிங். அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாதென்று, பால்மரம் வெட்டப் போகிறவர்களைத் தினமும் காலையில் அவர்தான் சோதித்தார். பெண்களின் பால்வாளியைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கூசும்.

ஒருநாள் புதிதாக வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரை அவருடைய தலைப்பாகையைக் காட்டி, "அதையும் அவிழ்" என்றான்.

ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வீரமுத்து தன் தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி கிசுகிசுத்தார். "எடுத்துடுங்க சிங்கு. துரைய கண்டா நாங்க எடுக்கலையா? தலையா போயிடுச்சு?"

"நீங்க எடுத்தா துரைக்கு மரியாதை, மண்டோர். எங்களுக்கு மூடுன தலைதான் மரியாதை. குரு குடுத்தது. இந்த ஆளு கேட்டா அவுக்கறதா?"

சின்னத்துரை கைத்தடியால் தட்டிவிட்டான். ஐந்து கெஜத் துணியும் சேற்றில் விழுந்தது. அதில் ஒரு மணி அரிசி இல்லை. தோட்டத்து ஸ்டோர் அரிசியையே பத்தொன்பது வருடம் யாரை நம்பி ஒப்படைத்தார்களோ, அந்த மனிதரின் தலையில் அரிசி தேடினார்கள். அதற்குச் சோதனை என்று பெயரும் வைத்தார்கள்.

நரைத்த கொண்டையோடு சிங் துணியைப் பொறுக்கிக் குழாயடியில் அலசினார். அதை மடிக்க மறுமுனையை ஒருவர் பிடிக்க வேண்டும். வீட்டில் மனைவி பிடிப்பாள். இங்கே அவர் முனையை நீட்டிக்கொண்டு நின்றார்.

வீரமுத்து தன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, துரையின் எதிரிலேயே போய்ப் பிடித்தார்.

வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுவிடும். ஆனாலும் சிங் தலைப்பாகையைக் கட்டி முடிக்கும்வரை, பால்வெட்டப் போக நின்றவர்களில் ஒருவரும் நகரவில்லை. பிறகு சிங் அவர்களுக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வெளியே நடந்தார். சாகும்வரை எந்தத் துரைக்கும் அவர் காவல் இருக்கவில்லை.