மதிவதனி பிக்கப் மாற்றிய கதை

எனக்குக் கோபம் வந்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். பாடுகிறவளுக்கு அது ஆகாது. ஆனாலும் மதிவதனியைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் கோபம் வராமல் எப்படி இருக்கும்?

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் அவள் வேலை பார்க்கிறாள். கிராமத்திலிருந்து படிக்க வந்தவள் ஹாஸ்டலில் கிடார் பழகி, அப்படியே டவுனில் தங்கிவிட்டாள். எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் நான் பாட்டு, அவள் எலக்ட்ரிக் கிடார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். பாட்டுக்கு நடுவே அவள் தனியாக வாசிக்கும்போது கடைசி வரிசைக்காரர்கூட போனை இறக்கிவிட்டு மேடையைப் பார்ப்பார். சத்தம் அவ்வளவு கூர்மையாக, பளிச்சென்று இருக்கும்.

ஆனால் கிடாரை மாட்டியதும் ஸ்பீக்கரில் 'ஊங்' என்று ஓர் இரைச்சல் வரும். குழுவின் ஓனர் வேடியப்பன் அண்ணன் ஒவ்வொரு கச்சேரியிலும் மைக்கைப் பிடித்து, "கிடார்ல கொஞ்சம் கோளாறுங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று சிரிப்பார். கூட்டமும் சேர்ந்து சிரிக்கும். மதிவதனி தலையைக் குனிந்துகொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. கிடார் கம்பியில் கை வைத்துக்கொண்டு கோரஸ் பாட மைக்கில் வாய் வைத்தால் அவளுக்கு உதட்டில் சுரீரென்று ஷாக் அடிக்கும். "ஈரக் கையோட தொட்டா அப்படித்தாம்மா" என்பார் சவுண்டு சர்வீஸ் திருமலை. பெண் என்றாலே எந்நேரமும் பாத்திரம் கழுவிவிட்டு வருகிறவள் என்று நினைப்பு.

சித்திரையில் வேடியப்பன் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஆடிக்குள்ள இந்த இரைச்சல் நிக்கணும்மா. பிக்கப்ப மாத்து, என்னமோ பண்ணு. இல்லன்னா கீபோர்டுலயே கிடார் டோன் இருக்கு, அத வச்சு ஓட்டிக்கிறேன்."

பிக்கப் என்பது கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தமும் அதைச் சுற்றிய செம்புச் சுருளும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். மதிவதனியின் கிடாரில் இருந்தது ஒற்றைச் சுருள். கூர்மையும் அதனால்தான். மேடையில் சீரியல் லைட் எரிந்தால் அதன் இரைச்சலைக் கொஞ்சம் இழுப்பதும் அதனால்தான். அதனால் அவள் தன் கிடார்மேலேயே சந்தேகப்பட்டாள்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கீபோர்டு இளஞ்செழியன், "ரெட்டைச் சுருளு போடு, கெத்தா இருக்கும்" என்றான். அதைப் போட்டால் இரைச்சல் போகும், ஆனால் கிடாருக்குச் சளி பிடித்த மாதிரி ஆகிவிடும் என்றாள் இவள். ரமணாசிரமம் பக்கத்து கஃபேயில் ஒரு வெளிநாட்டுக்காரர், பழையதைத் தொடவே கூடாது, அதில்தான் ஆன்மா இருக்கிறது என்றார். ஆன்மாவைத் தேடி விமானம் ஏறி வந்தவருக்கு எங்கள் மேடையில் ஷாக் வாங்கிப் பார்த்தால் தெரியும்.

சாப்பாட்டு வேளையெல்லாம் போனில் விதவிதமான பிக்கப்பின் சத்தத்தைப் போட்டு, இயர்போனை என் காதில் மாட்டி, "இது எப்படி? அது எப்படி?" என்று கேட்டாள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது. சொன்னதற்குத் திட்டு வாங்கினேன். கடைசியில் இரண்டு சுருளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வகையைத் தேர்ந்தெடுத்தாள். பழைய பள்ளத்திலேயே உட்காரும், மரத்தை வெட்ட வேண்டாம்.

"கூர்மையில கொஞ்சம் போவும் சினேகா. எடமே போறதுக்கு இது பரவால்ல" என்றாள்.

புது பிக்கப்பைக் கடையிலேயே பற்றவைத்து, கிடாரைச் சின்ன ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பார்த்தாள். இரைச்சல் துளிகூட இல்லை. அந்தப் பளிச்சும் இல்லை. அவள் ஸ்க்ரூவை முடுக்கினாள்.

ஆடியில் வேங்கிக்கால் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் விழா. சாயங்காலக் கச்சேரிக்கு மத்தியானமே சவுண்டு பார்க்கப் போனோம். கிடாரை மாட்டியதும் அதே 'ஊங்'.

"இவ்ளோ மாத்தி என்னம்மா பிரயோஜனம்?" என்றார் வேடியப்பன் அண்ணன்.

மதிவதனி கிடாரின் வால்யூமை ஜீரோவுக்குத் திருப்பினாள். இரைச்சல் கொஞ்சமும் குறையவில்லை.

"இப்ப பிக்கப்பே லைன்ல இல்ல. அப்பறம் எது உறுமுது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். பிறகு திருமலையிடம் போனாள். "அண்ணா, கரண்டு வர்ற அந்த பிளக் பாக்ஸத் தொறங்க."

"பூஜை போட்டாச்சும்மா. பொம்பளைங்க கை வைக்கக் கூடாது."

இது அவருடைய சட்டம். மிக்சருக்கும் பிளக் பாக்ஸுக்கும் கற்பூரம் காட்டி எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டால் நாங்கள் கிட்டே போகக் கூடாது. அதனால்தான் செல்போனைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிறவள் இத்தனை வருஷம் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க முடியவில்லை. அன்றைக்கு அவள் மெயினை அணைத்தாள், எலுமிச்சம்பழத்தை எடுத்து ஓரமாக வைத்தாள், ஸ்க்ரூவைக் கழற்றினாள்.

உள்ளே பச்சை நிற எர்த் ஒயரை வெட்டி, டேப் சுற்றி விட்டிருந்தார்கள்.

"எர்த் இருந்தாதான் இரைச்சல் ஜாஸ்தியாவும். நாங்க எல்லாருமே வெட்டிடுவோம்" என்றார் திருமலை, பெரிய தொழில் ரகசியம்போல. ஷாக் அடிக்காமல் காப்பதற்குத்தான் அந்த ஒயரே இருக்கிறது. எனக்கு அவர் தலையில் மைக் ஸ்டாண்டைப் போடலாம்போல இருந்தது.

மதிவதனி ஒயரைச் சேர்த்து முடுக்கி, மெயினைப் போட்டாள். ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது. வால்யூமை ஏற்றி வாசித்தாள். வேடியப்பன் அண்ணன் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இரைச்சல் இல்ல, சரி. அந்தப் பழைய சவுண்டு எங்கம்மா? அதுக்குத்தான ஜனம் வருது? யாரு உன்ன பிக்கப் மாத்தச் சொன்னது?"

"நீங்கதாண்ணா."

"நான் சொன்னா ஒடனே மாத்திடுவியா?"

என் தொண்டை கட்டிக்கொண்டது. மதிவதனி மட்டும் நிதானமாகப் பேசினாள்.

"இன்னிக்கி மைக்ல சொல்லுங்கண்ணா. கோளாறு கிடார்ல இல்ல, பிளக்லன்னு."

"ஜனத்துக்கு அதெல்லாம் எதுக்கும்மா? வுடு."

சாயங்காலம் கூட்டம் நிறைந்திருந்தது. முதல் பாட்டு முடிந்ததும் அவர் வழக்கம்போல மைக்கோடு முன்னால் வந்தார். "கிடார்ல இருந்த கோளாற இன்னிக்கி ஒருவழியா சரி பண்ணிட்டோங்க!" என்றார்.

மதிவதனி அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். அவளுடைய இன்னொரு கை கம்பிகளின்மேல் இருந்தது; ஷாக் அடிக்கவில்லை.

"என் கிடார்ல கோளாறு இல்லீங்க. சவுண்டு பிளக்ல எர்த் ஒயர வெட்டி வச்சிருந்தாங்க. கண்டுபுடிச்சது நான், மாட்டினது நான். எது கோளாறுன்னு பாக்காமலே, எங்கிட்ட நல்லா இருந்தத மாத்த வச்சுட்டாங்க. இப்ப நீங்க கேக்கப் போறது மிச்சம் இருக்கறது."

மைக்கை அவர் கையிலேயே திணித்துவிட்டு அடுத்த பாட்டை ஆரம்பித்தாள். அவர் அதைப் பிடித்தபடி நின்றார். பாட வேண்டிய நான் மைக்கைக் கேட்டு அவரிடம் கை நீட்டினேன்.